விலாவில் விழுந்த அடி

தூத்துக்குடி என்றதும் தமிழ் மக்களுக்கு முத்து நினைவுக்கு வரும். உப்பு நினைவுக்கு வரும். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் கட்டாயம் நினைவுக்கு வரும். மோட்டார் டயர் நினைவுக்கு வருவதாக யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆயினும் இந்த வாரம் அந்த ஊரை முன்னிட்டு டயரைப் பற்றியே எழுதத் துணிந்திருக்கிறோம். டயர் முழுவதையும் பற்றிக்கூட அல்ல; ரிம்முக்கும் தரையில் உருளும் பாகத்துக்கும் நடுவே நாலைந்து அங்குல அகலத்தில் இருக்கும் பக்கச் சுவரைப் பற்றித்தான். கடைக்காரர்கள் அதைச் 'சைடுவால்' என்பார்கள். மனிதனுக்கு விலா எப்படியோ, டயருக்கு அது அப்படி. ஆகையால் நாம் விலா என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

ஒரு காலத்தில் மோட்டார் வண்டி என்பது ஜமீன்தார்களுக்கும் பெரிய டாக்டர்களுக்கும் உரிய சமாசாரமாக இருந்தது. இப்பொழுது மாதத் தவணையில் கடன் கட்டுகிற நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் அது நிற்கிறது. வண்டி வந்த அன்றைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, நான்கு டயர்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். டயரை நாம் குனிந்து பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு கண்ணாடியைத் துடைக்கிறோம், பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறோம். டயரிடம் மட்டும் நம்முடைய விசாரணை ஒன்றும் கிடையாது. பாட்டியையும் குழந்தைகளையும் புளியோதரைப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்பட்டுவிடுகிறோம்.

தூத்துக்குடிப் பக்கத்துச் சாலைகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் தேதி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்தத் துறைமுகம். நிலக்கரியும் உப்பும் மரமும் பெட்டகச் சரக்குமாக, இரவு பகலென்று பாராமல் கனத்த லாரிகள் அங்கே போய் வருகின்றன. இத்தனை பாரத்தைச் சுமக்கிற சாலையின் மேனி எங்கேயாவது ஓரிடத்தில் அமுங்கத்தான் செய்யும்; ஓரம் உடையத்தான் செய்யும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து அந்தக் குழிகளில் நீரை நிரப்பிச் சாலையோடு சாலையாகச் சமமாக்கிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், சாலைகள் அறுபட்டுக் கிராமங்கள் தீவுகளானதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் பிரயாணிகள் வழியின்றித் தவித்ததையும் அந்தச் சீமையார் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய வெள்ளம் அபூர்வம். நீர் மூடிய குழியோ ஒவ்வொரு மழைக்கும் உண்டு.

அத்தகைய குழியில் வண்டி வேகமாக இறங்கும்போது நடப்பது என்ன? குழியின் கூரிய விளிம்பு ஒரு புறம். சக்கரத்தின் இரும்பு ரிம் மறு புறம். நடுவில் டயரின் விலா, பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப்போல் நசுங்குகிறது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். "டங்" என்று ஒரு சத்தம், பின்னாசனத்தில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். ரப்பர் நெகிழும் தன்மையுடையதால் பழைய நிலைக்கு மீண்டுவிடும். உள்ளே இருப்பது மீளாது.

உள்ளே இருப்பது நூல். டயர் ரப்பரால் ஆனது என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். ஆனால் காற்றைத் தாங்கி நிற்கும் வேலையைச் செய்வது ரப்பருக்குள் புதைந்து கிடக்கும் நூல் வரிசைதான். இக்காலத்து ரேடியல் டயரில், பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆன அந்த நூல்கள், ஒரு விளிம்பிலிருந்து மற்றொரு விளிம்புவரை குறுக்காக, நெருக்கமாக ஓடுகின்றன. தரையில் உருளும் பாகத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகளும் இருப்பதால் அங்கே காவல் பலமாக இருக்கிறது. விலாவிலோ எஃகுப் பட்டை கிடையாது. கார் டயர்களில் ஒரே ஒரு நூல் அடுக்கு, மிஞ்சினால் இரண்டு. விலா எளிதாக வளைந்து கொடுக்க வேண்டும், பிரயாணம் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டுக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தை அந்த மெல்லிய அடுக்கு தாங்கி நிற்கிறது.

பாக்குவெட்டி கடித்த இடத்தில் சில நூல்கள் அறுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்றைத் தடுக்க வெறும் ரப்பர்தான் மிச்சம். காற்று அதை வெளியே தள்ளுகிறது. அன்றைக்கோ, சில நாள் கழித்தோ, விலாவில் ஒரு வீக்கம் தலைகாட்டுகிறது. முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு எலுமிச்சம்பழ அளவு. முத்துச் சிப்பியின் உடம்பில் அந்நியப் பொருள் ஒன்று புகுந்து உறுத்தினால் அந்தப் பிராணி அதன்மேல் ஒளிரும் படலத்தைப் பூசிப் பூசி முத்தாக்கிவிடுகிறது. சிப்பிக்கு உயிர் இருக்கிறது, டயருக்கு இல்லை. டயரின் காயம் ஒருநாளும் தானாக ஆறுவதில்லை. வளர்வது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

எவ்வளவு விரைவில் வளரும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. சாதாரணக் கார் டயர் ஒரு கிலோமீட்டர் போவதற்குச் சுமார் 500 முறை உருளுகிறது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆக, ஒரு தடவை போய்ச் சேருவதற்குள் அந்தக் காயம்பட்ட விலா 25,000 தடவை தரையோரம் வந்து மடங்கி, மறுபடி நிமிர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகமென்றால் ஒரு வினாடிக்குப் பதினொரு மடக்கு. மடங்க மடங்கச் சூடு. சூடு ஏற ஏற அக்கம்பக்கத்து நூல்களுக்கும் தளர்ச்சி. இவ்வளவும் நடக்கும்போது காற்று சிறிதும் குறையாமலே இருக்கலாம். ஆகவே புது வண்டிகளில் காற்றழுத்தம் குறைந்தால் எரிகிற எச்சரிக்கை விளக்கும் எரியாது. கடைசியில் வெடிக்கும்போது முன்னறிவிப்பின்றி வெடிக்கும்.

"வல்கனைசிங் கடையில் கொடுத்து ஒட்டிவிட்டால் போகிறது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இந்த யோசனை கஞ்சத்தனத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. அதற்கு ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது. பழைய காலத்து டயர்களில் நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பல இருந்தன, விலாவும் தடித்திருந்தது, உள்ளே தனியாக டியூப் இருந்தது. விலா கிழிந்தால் உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை அண்டக் கொடுத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானபோது, நம் தமிழ்த் தொழிலாளிகள் பால் வடித்த அந்த நாட்டு ரப்பர் வருவது நின்று, நல்ல டயர் குதிரைக்கொம்பாகிவிட்டது. கிழிந்ததைத் தைத்தும் ஒட்டியும் காலந்தள்ளினார்கள். அந்தச் சிக்கனம் அன்றைக்குச் சாமர்த்தியம். மிஷெலின் கம்பெனியார் 1946-இல் உரிமம் பெற்ற ரேடியல் டயர் உலகமெங்கும் பரவி நம்முடைய கார்களுக்கும் வந்த பிறகு, விலா மெலிந்துவிட்டது. சாலை வேகமோ இரட்டித்துவிட்டது. பாட்டனார் காலத்து வைத்தியம் பேரன் வண்டிக்குப் பலிக்காது.

தரையில் உருளும் பாகத்தின் நடுவே ஆணி குத்தினால், துவாரம் ஆறு மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால், டயரைக் கழற்றி உட்புறமாக ஒட்டுப்போட்டுச் செம்மையாக்கலாம். அங்கே எஃகுப் பட்டை துணை நிற்கிறது, மடக்கமும் குறைவு. விலாவில் ஒட்டும் ஒட்டு துவாரத்தை அடைக்குமே தவிர அறுந்த நூலை இணைக்காது. கார் டயரின் விலாவைப் பழுது பார்ப்பதை டயர் தயாரிப்போர் பொதுவாக அனுமதிக்காததற்குக் காரணம் இதுவே. தங்கள் சரக்கு விற்கவேண்டுமென்ற ஆசையும் அவர்களுக்கு இருக்கலாம். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம்.

இதைத் தூத்துக்குடிக் கரையாருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது கடைசியாக 1961-இல். மூச்சை அடக்கிக்கொண்டு முத்துக்குளிப்பவன் கல்லைக் காலில் மாட்டிக் கடலடிக்குப் போவான். தோணியின்மேல் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே நம்புவது வழக்கம் என்று கரையில் சொல்லுவார்கள்; தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதல்லவா? அப்படிப்பட்ட கயிற்றில் நாலு புரி அறுந்திருந்தால், "கொஞ்சம் பசை தடவியிருக்கிறேன், இன்றைக்கு மட்டும் இறங்கு" என்று எந்த மைத்துனனாவது சொல்லுவானா? டயரின் விலாவில் ஓடும் நூலும் அத்தகைய கயிறுதான். வண்டி ஓட்டுகிறவர் கயிறு பிடித்து நிற்கிறார். பின்னால் உட்கார்ந்து தூங்கும் குழந்தைகள் கடலடியில் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதும், விலாவில் ஒரு கீறலைக் கண்டதுமே அலறியடித்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டுமென்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. பயத்தை விற்றுப் பணம் பண்ணுகிறவர்களும் உலகத்தில் உண்டு. நடைபாதைக் கல்லில் உராய்ந்து ரப்பர் மட்டும் மேலாகச் சிராய்த்திருந்தால் பாதகமில்லை. விலாவில் மேலிருந்து கீழாக உள்நோக்கிய மெல்லிய பள்ளம் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். தயாரிக்கும்போது நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் அது. அங்கே பலம் கூடுதல். வெளியே புடைத்தால்தான் ஆபத்து. வெட்டுக் காயத்துக்குள் நூல் கண்ணுக்குத் தெரிந்தால், அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. வெயிலிலும் வயதிலும் நெடுகச் சிறு வெடிப்புகள் ஓடியிருந்தால் டயரின் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். விலாவில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஜாதகம் பார்ப்பதில் நம்மவர்களுக்குள்ள ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு. பஞ்சரான டயரிலேயே, "அதோ பெட்ரோல் பங்க் தெரிகிறது" என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போகிறோம். காற்றில்லாத விலா ரிம்முக்கும் தரைக்கும் நடுவே அரைபட்டு உட்புறம் பொடியாகிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதிது. ஆகையால் பஞ்சர் ஒட்டும்போது டயரைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புப் பொடி உதிர்ந்திருந்தாலோ, உள்ளே வளையமாகத் தேய்ந்திருந்தாலோ, பஞ்சரை ஒட்டுவதில் பிரயோஜனமில்லை. வண்டியின் அடிப்பக்கம் பார்த்த விலாவும் இத்தகைய மறைவிடம்தான். பெரிய குழியில் விழுந்து எழுந்தால், அடுத்த சில நாட்களுக்குள் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவது நலம்.

பிரயாணத்தின் நடுவில் வீக்கத்தைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: ஓரமாக நிறுத்தி ஸ்டெப்னியை மாட்டுவது. இந்த ஸ்டெப்னி என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 1904-இல் வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரத்தில், டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்றார்கள். அவர்கள் தொழில் நடத்திய ஸ்டெப்னி தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் பொருள் நிலைக்குமா என்பது சந்தேகம். காற்றழுத்தங் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் மருந்தும் இருந்தால் சிறு வண்டிகளில் உபரிச் சக்கரம் வேண்டியதில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மருந்து ஆணித் துவாரத்தை அடைக்கும். அறுந்த விலாவுக்கு உதவாது. புது வண்டி வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது உசிதம். ஸ்டெப்னி அளவில் சிறியதாக இருந்தால் அதில் குறித்திருக்கும் வேகத்தை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டரை, மீறலாகாது.

ஓடும்போதே டயர் வெடித்துவிட்டால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெள்ள எடுத்து, வண்டி தானாக வேகம் தணிந்த பிறகு இடது ஓரத்துக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் யாரோ, அவர் ஐயாவானாலும் அம்மாவானாலும், இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பண விஷயத்தையும் மறைப்பானேன்? குழியில் அடிபட்டு வந்த வீக்கத்தைத் தயாரிப்புக் குறை என்று டயர்க் கம்பெனியார் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. வழக்கமான இன்ஷூரன்ஸில் டயருக்கு மட்டும் ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் வராது. வண்டிக்கும் அதே சமயத்தில் சேதம் ஏற்பட்டிருந்தால்தான் வரும். அதுவும் புது டயர் விலையில் பாதிக்குமேல் வராது. டயருக்கென்று தனிக் கட்டணம் செலுத்திப் பெறுகிற பாதுகாப்பு வேறு. ஆகவே கைப்பணம்தான் போகும். ஆனால் ஒரு டயர் கெட்டதற்காக நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே அச்சிலுள்ள இரண்டும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருந்தால் போதும். முழு அளவுள்ள ஸ்டெப்னி நல்ல நிலையிலிருந்தால் அதையே ஜோடியாக்கலாம். ஜோடியாகவே புதிது வாங்கினால் அவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டுவது நல்லது. ஈரச் சாலையில் வண்டியின் வால் சறுக்காமலிருக்கும்.

கழித்த டயரை என்ன செய்வது? இங்கேதான் நம்முடைய தர்மம் பரீட்சைக்கு வருகிறது. கழித்த டயர் பழைய டயர்க் கடைக்குப் போய், மெருகு ஏறி, நம்மைவிட வசதி குறைந்த ஒருவரின் வண்டியில் ஏறக்கூடும். நம் குழந்தைகளுக்கு வேண்டாமென்று ஒதுக்கிய ஆபத்தை இருநூறு முந்நூறு ரூபாய்க்காக இன்னொருவர் குழந்தைகளுக்கு விற்பது நியாயமாகுமா? கழற்றின இடத்திலேயே விலாவைக் குறுக்கே அறுத்துவிடச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் எறிந்துவைத்தால் மழைநீர் தேங்கி, டெங்குக் கொசுவுக்கு மாளிகையாகும். தூத்துக்குடித் தோணிக்காரர்களைக் கேட்டால் வேறு உபயோகம் சொல்லுவார்கள்: படகு சுவரில் மோதாமலிருக்க அதன் பக்கத்தில் தொங்கவிடலாம். அந்த வேலைக்கு நூல் அறுந்த டயரும் போதுமானது.

கடைசியாக, வண்டி ஓட்டப் பிறரை அமர்த்தியிருப்பவர்களுக்கும் வாடகை வண்டியில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயரின் வீக்கத்தை முதலில் காண்கிறவர் பெரும்பாலும் ஓட்டுகிற மனிதர்தான். சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வாரோ, குழியில் இறக்கியது நீதானே என்று சம்பளத்தில் பிடித்துவிடுவாரோ என்று அவர் சொல்லத் தயங்குகிறார். ஏறி உட்கார்ந்திருக்கும் நாமோ, "முகூர்த்தத்துக்கு நேரமாகிறது; ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால், நாமும் இறங்கிப் பார்ப்போம். ஸ்டெப்னி மாற்றுவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்காக அவரைக் கடிந்துகொள்ளாமலிருப்பது நமக்கு ஒரு செலவும் இல்லாத காரியம்.